இளைஞர்களை ஈர்க்க ராப் காணொளி எடுத்தோம், சிரித்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

ஃபெரிக்காரி (பட்டர்வொர்த்) கேட்கிறார்:

வணக்கம். பினாங்குத் தீவில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது.

என் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் ‘இந்திய மாணவர்கள்’ என்ற சொல் எந்தக் கோப்பில் வந்தாலும் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்துவிடும். சென்ற ஆண்டு மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்கள் பிள்ளைகளுக்கு ராப் பிடிக்கும். தமிழில் ஒன்று எடுத்து டிக்டாக்கில் போடுங்கள்.” அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த நாட்டில் தமிழ் ராப் இறக்குமதிச் சரக்கு அல்ல. 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பு வந்தபோது நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். மேலாளர் சொன்னதில் மற்றப் பாதிதான் எங்களைக் கவிழ்த்தது.

வரிகளை விளம்பர நிறுவனம் ஆங்கிலத்தில் எழுதியது. அது மலாய்க்குப் போய், கடைசியாக என்னிடம் தமிழாக்க வந்தது. ‘உன் கனவு உன் கையில், எங்கள் வளாகம் உன் பையில்’ என்று நான்தான் எழுதினேன். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். பிறகு ஒப்புதல். விளம்பரப் பிரிவு, துறைத் தலைவர், சட்டப் பிரிவு, சின்னத்தின் நீலம் சரியான நீலமா என்று பார்ப்பதற்கென்றே ஒருவர். ஆறு வாரம் ஆனது. படம் பிடித்த நாளில் ஊரெல்லாம் பேசிய தாளம், வெளியிட்ட நாளில் முந்தாநாள் சாம்பாராகிவிட்டது. நடித்தவர் எங்கள் கணக்கியல் விரிவுரையாளர், வயது 48. தங்கமான மனிதர். அவர் தொப்பியைத் திருப்பிப் போட வைத்த பாவம் என்னைச் சேரும்.

வந்த கருத்துகளை மறுநாள் காலை ஃபெரியில் உட்கார்ந்து எண்ணினேன். 83. பெரும்பாலும் சிரிப்பு முகங்கள். ‘கல்யாண வீட்டில் மாமா ஆடுவது போல இருக்கிறது’ என்பதற்கு மட்டும் இருநூறுக்கு மேல் விருப்பக்குறிகள். 14 பேர் ‘கட்டணம் எவ்வளவு?’ என்று கேட்டிருந்தார்கள். அந்த 14 பேருக்கும் எங்கள் பக்கத்திலிருந்து போன பதில் ஒன்றுதான்: ‘உங்கள் உள்பெட்டியைப் பாருங்கள்.’

என் அக்கா மகன் ஐந்தாம் படிவம் (இடைநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு) படிக்கிறான், பிறையில் ஓர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். அவன் சொன்னது: “சித்தி, அடுத்த தடவை எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வாரம் நான் பள்ளிக்கு மட்டம் போட்டுவிடுகிறேன்.”

இப்போது 8,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மறுபடியும் முயலச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் மூன்று யோசனைகள் எழுந்தன: கைப்பேசி விளையாட்டுப் போட்டி, உறுமிப் போட்டி, அல்லது டிக்டாக்கில் பெயர் பெற்ற ஒருவருக்கு 3,000 வெள்ளி கொடுத்து வளாகத்தைச் சுற்றிக் காட்டச் சொல்வது. எனக்கு மூன்றிலும் நம்பிக்கை இல்லை. வேறு யோசனையும் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளையிடம் ஒரு பல்கலைக்கழகம் எந்தக் குரலில் பேசினால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டான்? தீவுக்கு எதிரே உள்ள பெருநிலப் பக்கத்துப் பிள்ளைகளைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வளைகுச்சி (பிறை):

அக்கா, உங்கள் காணொளி எங்கள் குழுப் புலனத்தில் (வாட்ஸ்அப்) மூன்று நாள் ஓடியது. அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

எனக்கு 26 வயது. 22 பேர் கொண்ட உறுமிக் குழுவை நடத்துகிறேன். தயவுசெய்து உறுமிப் போட்டி வைக்காதீர்கள். போட்டி எங்களுக்கு ஊருக்கு ஊர் இருக்கிறது. தீர்ப்பு சரியில்லை என்று இரண்டு குழுக்கள் உங்கள் வாகன நிறுத்துமிடத்தில் மோதிக்கொண்டால் மறுநாள் பத்திரிகையில் உங்கள் பெயரும் வரும், எங்கள் பெயரும் வரும். ‘உறுமிப் பையன்கள் என்றாலே இப்படித்தான்’ என்று சொல்லக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் எங்கள் கையில் இருக்கும் மேளத்தை மட்டும் பார்க்கிறீர்கள். குழுவுக்குள் நடக்கும் வேலையைப் பாருங்கள். உறுமியில் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும், மறுபக்கத்தை அடிக்க வேண்டும். அந்த உறுமல் ஒலிபெருக்கிக்குள் போனால் வெறும் இரைச்சலாக வரும். எங்கள் பையன் ஒருவன் அதைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு போராடினான். மைக்கை எங்கே கட்டுவது, தகரக் கூரைக்கு என்ன, திறந்த வெளிக்கு என்ன, எந்தப் பொத்தானை எவ்வளவு இறக்குவது என்று ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருக்கிறான். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் அவன் வாங்கியது இரண்டு கிரெடிட், அதாவது இரண்டே பாடங்களில் நல்ல தேர்ச்சி. இப்போது பிறைத் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட்.

இன்னொரு பிள்ளை, பதினெட்டு வயது. குழுவுக்கு ஜெர்சி வரைகிறாள். தைப்பூசத்துக்கு முன்னால் வேறு குழுக்களும் அவளிடம்தான் வருவார்கள். 120 உருப்படி அளவு வாரியாகப் பட்டியல் போட்டு, முன்பணம் வாங்கி, அச்சுக்கூடத்தோடு விலை பேசி, எக்ஸ்எல் கேட்டவனுக்கு எம் வந்தால் அந்தச் சண்டையையும் அவளே தீர்ப்பாள். கணக்கு வைப்பவன் ஒருவன், வேன் ஏற்பாடு செய்பவன் ஒருவன், காணொளி வெட்டி ஒட்டுபவன் ஒருவன். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறி இறங்கிவிட்டு, அடுத்த காவடிக்குக் கை நடுங்காமல் வாசிப்பவர்கள் இவர்கள். இதே பிள்ளைகள் கல்விக் கண்காட்சிக்குப் போனால் கேட்கப்படும் முதல் கேள்வி, “எத்தனை ஏ?” பதிலைக் கேட்டதும் துணிப்பையில் ஒரு பேனாவையும் நாலு துண்டறிக்கையையும் போட்டுக் கொடுத்து அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். அந்தத் துணிப்பை எங்கள் வேனில் மூன்று கிடக்கிறது. ஜாலரா வைக்க உதவுகிறது.

எங்களுக்கு இல்லாதது இடம். எங்கள் தாமான் (குடியிருப்பு) திடலில் பயிற்சி செய்தால் அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போன் செய்கிறார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை, கைக்குழந்தை இருக்கும் வீடுகள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மண்டபம் சும்மா பூட்டிக் கிடக்கிறதா? மூன்று மணி நேரம் கொடுங்கள். பதாகை கட்டாதீர்கள், பேச்சாளரை அனுப்பாதீர்கள், முக்கியமாகக் காணொளி எடுக்காதீர்கள். கழிப்பறையைத் திறந்து வைத்தால் போதும்.

இரண்டாம் ஆண்டு (கோலாலம்பூர்):

விளையாட்டுப் போட்டி பற்றி நான் சொல்கிறேன், அனுபவித்தவன். 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியிலேயே மின்விளையாட்டுக்குப் பதக்கம் கொடுத்துவிட்டார்கள். 2024 கடைசியில் மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டின் உலகப் போட்டி இங்கே கோலாலம்பூரில் நடந்தது. ஆகவே பிள்ளைகளுக்குத் தரமான போட்டி எப்படி இருக்கும் என்று தெரியும். அரைகுறையாக நடத்தினால் உங்கள் ராப்பைவிட மோசமாகச் சிரிப்பார்கள்.

ஐந்தாம் படிவத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரு கல்லூரி நடத்திய போட்டிக்குப் போனோம். பெயர் கொடுக்கும் படிவத்தில் அப்பாவின் வருமானம் வரை கேட்டார்கள். அரையிறுதியில் இணையம் துண்டித்துப் போனது. எப்படியோ ஜெயித்தோம். பரிசு 1,000 வெள்ளி என்று சுவரொட்டியில் இருந்தது. கொடுத்தது கட்டணக் கழிவுச் சீட்டு. அதையும் ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு 200. அடுத்த சேர்க்கைக்குள் அதே கல்லூரியில் சேர்ந்தால் மட்டும் செல்லும். என் நண்பன் அதை இன்னும் பணப்பையில் வைத்திருக்கிறான், தாத்தா காலத்துச் செல்லாத ஜப்பான் நோட்டைப் போல.

நான் இப்போது படிப்பது வேறோர் இடம். அங்கே சேர்ந்ததற்குக் காரணம் ஓர் அண்ணன். வளாகம் பார்க்கப் போன நாளில் மழை. அவர் கேண்டீனில் உட்கார்ந்திருந்தார், எந்தப் பொறுப்பிலும் இல்லை. தேதாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) வாங்கிக் கொடுத்து, “விடுதிச் சாப்பாடு சுமார்தான், இரண்டாம் பருவத்தில் ஒரு பாடம் கழுத்தை அறுக்கும், ஆனால் ஆய்வுக்கூடம் இரவு பதினொன்று வரை திறந்திருக்கும்” என்றார். மூன்றும் உண்மையாக இருந்தன.

டிக்டாக் பிரபலத்துக்குக் கொடுக்கும் 3,000 வெள்ளியை விட்டுவிடுங்கள் அக்கா. உங்கள் மாணவர்கள் இரண்டு பேரிடம் கல்லூரிக் கணக்கை ஒரு வாரம் ஒப்படையுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருப்பதையும் காட்டுவார்கள். காட்டட்டும். ஒருவேளை அதைப் பார்த்தாவது சரிசெய்வார்கள்.

கவுன்சலிங் டீச்சர் (நிபோங் திபால்):

வளைகுச்சித் தம்பி, நீங்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். உங்கள் 22 பேரில் எத்தனை பேர் ஐந்தாம் படிவம்? தைப்பூசம் முடிந்தால் பங்குனி உத்திரம், பிறகு சித்திரா பௌர்ணமி, பிறகு ஆடித் திருவிழா. திங்கட்கிழமை முதல் பாடவேளையில் மேசையில் தலை கவிழ்ந்து தூங்கும் பிள்ளையை எழுப்புவது நான். மலாய் மொழியும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கையில் கிடைக்காது. தாளம் பிசகாத பையன் வரலாற்றில் தவறியதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். மண்டபம் கிடைத்தால் நல்லது. தேர்வுக்கு முந்தைய மாதங்களில் ஐந்தாம் படிவத்துக்காரர்களுக்கு விடுப்புக் கொடுங்கள்.

ஆனால் அந்த இரண்டு கிரெடிட் பையனைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் நானும் எழுத உட்கார்ந்தேன். டிப்ளோமாவில் சேர பொதுவாக மூன்று கிரெடிட் கேட்பார்கள். அது இல்லை என்றால் கதவு சாத்திவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஏபெல் என்று ஒரு வழி இருக்கிறது. வேலையிலும் வெளியிலும் கற்றதை மதிப்பிட்டு, படிப்பில் சேரும் தகுதியைத் தரும் முறை இது, படிப்புகளை அங்கீகரிக்கும் மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் கீழ் வருகிறது. சான்றிதழ்ப் படிப்புக்கு 19 வயது, டிப்ளோமாவுக்கு 20, இளங்கலைப் பட்டத்துக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். ஒரு தேர்வு உண்டு. தான் செய்த வேலைகளைச் சான்றுகளோடு தொகுத்துக் கொடுக்கவும் வேண்டும். தம்பி, அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொலைத்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். தேறினாலும் இடம் கொடுப்பதா இல்லையா என்பதைக் கல்வி நிலையம்தான் முடிவு செய்யும். இருந்தாலும் வாசல் வரை போகலாம்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்ல எந்தப் பல்கலைக்கழகமும் ராப் பாடியதாக நான் கேள்விப்படவில்லை. பள்ளிக்கு வருகிறார்கள், எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் வருகிறார்கள், அதிகத் தேர்ச்சி பெற்றவர்களின் பட்டியலைக் கேட்கிறார்கள். மூன்றாம் படிவத்தில், நான்காம் படிவத்தில், விற்பதற்கு ஒன்றும் இல்லாத காலத்தில் யாரும் வருவதில்லை. சென்ற ஆண்டு ஒரு விரிவுரையாளர் மட்டும் தானாக வந்து, நான்காம் படிவப் பிள்ளைகளோடு சேர்ந்து பழைய ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்துப் போட்டார். திரும்ப மாட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. பிள்ளைகள் இன்னும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஃபெரிக்காரி, எந்தப் படிப்பை விளம்பரம் செய்தாலும் அது எம்.கியூ.ஏ. தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் அதே சுவரொட்டியில் போடுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் கிடையாது. அதைச் சேர்ந்த பிறகு கண்டுபிடித்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

செந்தூல் அம்மா:

நான் ஒரு தாய், சுருக்கமாகச் சொல்கிறேன். கோலாலம்பூரில் ஒரு கல்விக் கண்காட்சிக்கு மகளை அழைத்துப் போனேன். மூன்று கூடங்களில் தொலைபேசி எண் கொடுத்தாள். அடுத்த இரண்டு வாரத்தில் 27 அழைப்புகள், அவற்றில் நாலு நாங்கள் போகவே போகாத கல்லூரிகளிலிருந்து. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010லேயே வந்துவிட்டது என்று அவர்களில் ஒருவருக்கு நான் வகுப்பெடுத்தேன். “ஆன்ட்டி, கூல்” என்றார் அந்தப் பையன். நான் கூலாக இல்லை.

என் மகளைப் பாட்டுப் பாடி அழைக்க வேண்டாம். மூன்று ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பதிவுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம், தேர்வுக் கட்டணம், அந்த ‘இதர’ என்ற வரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது உட்பட. அந்த 14 பேர் கேட்டதும் அதைத்தானே?

வளைகுச்சி (பிறை):

டீச்சர், அவனுக்கு வயது 21. உங்கள் பதிலை அவனிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. நோட்டுப் புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டான்.

ஐந்தாம் படிவம் ஆறு பேர். விடுப்பு விஷயம் நியாயம்தான். அவர்களிடம் நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்கள் வந்து சொல்லுங்கள்.

ஃபெரிக்காரி (பட்டர்வொர்த்), ஏழு வாரம் கழித்து:

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்துக்கு அனுமதி வாங்க ஒன்பது கையெழுத்து. ‘நிகழ்ச்சியின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘பயிற்சி’ என்று எழுதினேன். “எங்கள் பயிற்சியா, அவர்கள் பயிற்சியா?” என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். “அவர்களுடையது” என்றேன். “அப்படியானால் நமக்கு என்ன?” இதற்குப் பதில் எழுதத் தனியாக ஒரு கட்டம் இருந்தது. ‘நல்லுறவு’ என்று போட்டேன். இரண்டு நாள் யோசித்து எடுத்த சொல்.

முதல் ஞாயிறு 11 பேர் வந்தார்கள். காவலாளி அவர்களை வாசலில் 20 நிமிடம் நிறுத்திவிட்டார், கடிதம் அவரிடம் போய்ச் சேரவில்லை. நான் ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். வளைகுச்சித் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. இரண்டாம் ஞாயிறு 17 பேர். மூன்றாம் ஞாயிறு எங்கள் பல்லூடக விரிவுரையாளர் மறந்து வைத்த குடையை எடுக்க வந்தவர் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நான் அழைக்கவில்லை, சத்தியமாக. உறுமியில் மைக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்து, “ஏன் இந்தக் கோணத்தில்?” என்று கேட்டார். நோட்டுப் புத்தகம் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே வந்தது. ஒன்றே கால் மணி நேரம் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏபெல் விண்ணப்பத்துக்கு என்னென்ன சான்று வேண்டும் என்று இப்போது அவரே தேடிக்கொண்டிருக்கிறார். குடையை மறுபடியும் மறந்துவிட்டுப் போனார்.

செந்தூல் அம்மா, கட்டணத் தாள் தயார். ஒரே பக்கம், தமிழிலும் மலாயிலும். ‘இதர’ என்ற வரியை உடைக்கச் சொன்னதற்கு நிதிப் பிரிவு என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. அதைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒட்டினேன், பதாகை இல்லை என்ற உடன்படிக்கையை அது மீறுகிறதா என்று தம்பிதான் சொல்ல வேண்டும். பழைய காணொளிக்குக் கீழே அந்த 14 பேருக்கும் தொகையை வெளிப்படையாகவே எழுதிவிட்டேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். ஒருவர், ‘விலை அதிகம், ஆனால் சொன்னதற்கு நன்றி.’

கணக்கை மாணவர்களிடம் ஒப்படைக்கச் சட்டப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. அது அடுத்த சண்டை. 8,000 வெள்ளியில் இதுவரை 610 வெள்ளிதான் செலவு. காவலாளிக்கு ஞாயிறு மிகைநேரமும் தண்ணீர்ப் போத்தல்களும். மாத அறிக்கையில் ‘இந்த நடவடிக்கையால் பதிந்தோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் இரண்டு மாதமும் பூஜ்யம் போட்டேன். மேலாளர் அதை வட்டமிட்டு அனுப்பியிருக்கிறார். வரும் வியாழக்கிழமை கூட்டம்.

அக்கா மகன் நேற்று வந்தான். ஐந்தாம் படிவத்துக்காரர்களுக்கு டீச்சர் சொன்ன விடுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறதாம். அதற்குள் இரண்டு ஞாயிறுகளில் மூன்று மணிக்குப் பதிலாக ஒரு மணிக்கே வரலாமா என்று கேட்கிறான். நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் புதிய கடிதம், மறுபடியும் ஒன்பது கையெழுத்து. நாளை காலை ஃபெரியில் எழுதத் தொடங்குகிறேன்.